மாத்திரையை ஏன் நிறுத்துனீங்கன்னு கேட்கிறதுக்கு முன்னாடி

கொஞ்சம் நீளமான இழை. தொடர்ச்சியா போடுறேன், பொறுமையா படிங்க. தோல் பத்தி, ஸ்டீராய்டு மாத்திரை பத்தி, அப்புறம் டாக்டர்களான எங்க தப்பு ஒண்ணைப் பத்தி.

முதல்லயே சொல்லிடுறேன். நான் தோல் நோய் நிபுணர் இல்லை. எம்பிபிஎஸ் முடிச்சு அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கிற டாக்டர். நோயாளியை யாருன்னு தெரியாதபடி விவரங்களை மாத்தித்தான் எழுதுறேன்.

ஒரு ராத்திரி ட்யூட்டி. மணி பதினொண்ணு இருக்கும். ஆட்டோவுல ஒரு அம்மாவைக் கூட்டிட்டு வந்தாங்க. ஐம்பது வயசுக்குள்ளதான். வாழையிலையை முதுகுல வச்சு, மேல பழைய வேட்டியைச் சுத்தியிருந்தாங்க. துணியை விலக்கினா முதுகு, மார்பு, தொடை எல்லாம் தோல் உரிஞ்சு செக்கச்செவேல்னு கிடக்கு. உதடு முழுக்க பொருக்கு. பிபி 80/50.

பார்த்ததும் எனக்கு ஆள் தெரிஞ்சுபோச்சு. சில வாரங்களுக்கு முன்னாடி இதே வார்டுல படுத்திருந்தவங்க. டிஸ்சார்ஜ் சம்மரி எழுதுனதே நான்தான்.

"மாத்திரை போடுறீங்கல்ல?"ன்னு கேட்டேன். மக தலையைக் குனிஞ்சுக்கிச்சு. "நிறுத்தி மூணு வாரம் ஆச்சு டாக்டர்."

நான் கத்திட்டேன். ஒளிச்சு என்ன ஆகப்போகுது. நடுராத்திரி, கேஷுவால்டி முழுக்க ஆள், அதுக்கு நடுவுல "யாரைக் கேட்டு நிறுத்துனீங்க? படிச்சுப் படிச்சு சொன்னோம்ல?"ன்னு சத்தம் போட்டேன். அந்தப் பொண்ணு அழுதுக்கிட்டே ஒரு பதில் சொல்லுச்சு. அதுதான் இந்த இழையை எழுத வைக்குது.

"தோல் வியாதின்னு சொன்னீங்க. மாத்திரை குடுத்தீங்க. தோல் எல்லாம் காஞ்சிருச்சு. அப்புறமும் எதுக்குப் போடணும்னு எங்களுக்கு யாரும் சொல்லலையே டாக்டர்."

அது உண்மை. டிஸ்சார்ஜ் சம்மரியில "மாத்திரையை நிறுத்தக்கூடாது"ன்னு கோடு போட்டு எழுதியிருந்தேன். ஏன்னு ஒரு வார்த்தை எழுதலை. அந்த "ஏன்" இருந்த இடத்துல ஒரு யூடியூப் வீடியோ வந்து உட்கார்ந்துக்கிச்சு. "ஸ்டீராய்டு எலும்பை உருக்கும், கிட்னியைத் தின்னும், உடனே நிறுத்துங்க"ன்னு அந்த ஆள் 14 நிமிஷம் பேசியிருக்கார். நான் 14 விநாடி பேசியிருந்தா அதிகம்.

முதல் தடவை அவங்க எப்படி வந்தாங்கன்னு சொல்றேன். ஆரம்பம் வெறும் வாய்ப்புண். சூடுன்னு நினைச்சு மணத்தக்காளிக் கீரை, மோர், இளநீர். அப்புறம் மெடிக்கல்ல பி காம்ப்ளெக்ஸ். ஆறலை. நாலு மாசம் காரம் சாப்பிட முடியாம, கடைசியில சோத்தைக் கரைச்சுக் குடிக்கிற நிலை. அந்த நாலு மாசத்துல தோல்ல ஒண்ணுமே இல்லை. அஞ்சாவது மாசம் மார்புல, முதுகுல கொப்புளம். அக்கின்னு ஒருத்தர் காவி பூசி எழுதிவிட்டார். அம்மைன்னு இன்னொருத்தர் சொல்லி, வீட்டு வாசல்ல வேப்பிலை கட்டி, பக்கத்து வீட்டுக்காரங்க வர்றதை நிறுத்திட்டாங்க. கொப்புளம் தொட்டா உடையும், உடைஞ்ச இடம் ஆறாது, ஓரம் பெருசாகிக்கிட்டே போகும்.

நோயோட பேர் பெம்ஃபிகஸ் வல்காரிஸ். தொற்று நோய் இல்லை, ஒட்டாது. அம்மையும் இல்லை, அக்கியும் இல்லை.

இனிமேதான் விஷயம். அன்னைக்கு அந்தப் பொண்ணுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய கதை இது.

நம்ம தோலோட மேலடுக்கு, எபிடெர்மிஸ், உடம்புல பெரும்பாலான இடங்கள்ல ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்குதான் இருக்கும். ஏறக்குறைய ஒரு தாள் கனம். அதுக்குள்ள செல்கள் மாடி மாடியா அடுக்கியிருக்கு. தரைத்தளத்துல இருக்கிற செல்கள்தான் பிரிஞ்சு பெருகும். பெருகுனதுல ஒரு பகுதி அங்கேயே தங்கும், மீதி மேல ஏற ஆரம்பிக்கும். ஏற ஏற அந்த செல்லோட குணமே மாறும். தரைத்தளத்துல கெரட்டின் 5, கெரட்டின் 14ன்னு ஒரு ஜோடி நார் வச்சிருந்த செல், ஒரு மாடி ஏறினதும் அந்த ஜீன்களை அடக்கிட்டு கெரட்டின் 1, கெரட்டின் 10க்கு மாறிக்கும். மேல போகப் போகத் தட்டையாகி, உட்கருவை இழந்து, உச்சியில செத்த செதிலா உதிரும். நாம குளிக்கும்போது அழுக்குன்னு தேய்க்கிறதுல பாதி அதுதான். பிறந்ததுலேர்ந்து உதிர்றது வரைக்கும் சுமார் ஒரு மாசம், சில பேருக்குக் கூடவும் ஆகும்.

செல்லுக்கு எப்போ பெருகணும், எப்போ பெருகறதை நிறுத்திட்டு முதிரணும்னு யார் சொல்றது? ஒரே முதலாளி கிடையாது. வளர்ச்சிக்கு ஈஜிஎஃப் மாதிரி சிக்னல்கள், தரைத்தள குணத்தைக் காப்பாத்த பி63ன்னு ஒரு புரதம், மேல ஏறு முதிர்ந்துக்கோன்னு சொல்ல நாட்ச் சிக்னல். அதோட கால்சியம். எபிடெர்மிஸோட அடியில கால்சியம் குறைவு, மேல போகப் போக அதிகம். செல் எந்த மாடியில இருக்கோம்ங்கிறதைத் தெரிஞ்சுக்க இந்த கால்சிய அளவு பெரிய அடையாளம். இந்தக் கணக்கு தப்பினா என்ன ஆகும்னு பார்க்க சோரியாசிஸ் போதும். ஒரு மாசப் பயணத்தை செல்கள் சில நாள்ல ஓடி முடிச்சிடும். முதிர நேரமில்லாம உட்கருவோடயே மேல வந்து வெள்ளைச் செதிலா குவியும்.

ஆனா இந்த அம்மாவுக்கு வளர்ச்சியில பிரச்சனை இல்லை, முதிர்ச்சியிலயும் இல்லை. ஒட்டுல பிரச்சனை.

அடுக்கியிருக்கிற செல்கள் சும்மா பக்கத்துல பக்கத்துல நிக்கறதில்லை. டெஸ்மோசோம்னு ஒரு பொத்தான் இருக்கு. குழந்தைங்க சட்டையில வைக்கிற டிச் பட்டன் மாதிரி, பாதி இந்த செல்லுல, பாதி அடுத்த செல்லுல. பொத்தானோட வெளிப்பக்கத்துல கைகோக்கிற புரதங்கள்ல முக்கியமானது டெஸ்மோக்ளீன். உள்பக்கத்துல அது டெஸ்மோபிளாக்கின்ங்கிற புரதம் வழியா செல்லுக்குள்ள ஓடுற கெரட்டின் நாரோட கட்டப்பட்டிருக்கும். அதனாலதான் தோலைப் பிடிச்சு இழுத்தா ஒரு செல் தனியா பிய்ஞ்சு வராம, மொத்தத் துணியும் சேர்ந்து தாங்குது. இந்தக் கைகோப்பு நடக்கவும் கால்சியம் வேணும்.

டெஸ்மோக்ளீன்ல நமக்கு வேண்டியது ரெண்டு வகை. 3ம் நம்பர், 1ம் நம்பர். தோலோட கீழ்மாடிகள்ல 3 இருக்கும். 1 எல்லா மாடியிலயும் உண்டு, மேல போகப் போக அதிகம். செல் முதிரும்போது தன் ஒட்டையும் மாத்திக்குதுங்கிறது இதுல அழகான விஷயம். வாய்க்குள்ள கதை வேற. அங்க எல்லா மாடியிலயும் 3தான் ஆதிக்கம், 1 ரொம்பக் குறைவு.

பெம்ஃபிகஸ்ல நம்ம உடம்பே டெஸ்மோக்ளீனுக்கு எதிரா ஆன்டிபாடி தயாரிக்கும். பெரும்பாலும் முதல்ல 3ம் நம்பருக்கு எதிரா. இப்போ யோசிச்சுப் பாருங்க. 3 வேலை செய்யலைன்னா தோல்ல 1 இருக்கு, ஓரளவு சமாளிச்சுக்கும். வாயில சமாளிக்க 1 இல்லை. அதனால வாய் மட்டும் புண்ணாகும், தோல் நல்லா இருக்கும். அந்த அம்மாவோட நாலு மாச வாய்ப்புண் இதுதான். அப்புறம் 1க்கும் எதிரா ஆன்டிபாடி வந்ததும் மாத்து ஆளும் போச்சு. தோல் பொத்தான் பொத்தானா கழண்டுச்சு.

இதையே தலைகீழா காட்டுற ஒரு நோய் குழந்தைகள்கிட்ட இருக்கு. சில வகை ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி ஒரு நச்சு விடும். அது டெஸ்மோக்ளீன் 1ஐ மட்டும் குறிவச்சு வெட்டும்னு ஜப்பானைச் சேர்ந்த மசாயுகி அமகாய் குழு 2000ல் காட்டுனாங்க. அந்தக் குழந்தைக்குத் தோல் வெந்நீர் ஊத்துன மாதிரி மேலாக உரியும், வாய்க்குள்ள ஒண்ணும் ஆகாது. ஏன்னா அங்க 3 காப்பாத்துது. மருத்துவக் கல்லூரியில நான் ரெண்டு நோயையும் தனித்தனியா மனப்பாடம் பண்ணி பாஸ் ஆனவ. ரெண்டும் ஒரே பூட்டோட ரெண்டு பக்கம்னு புரிஞ்சது வேலைக்கு வந்து ரொம்ப நாள் கழிச்சுத்தான்.

இதே அமகாய்தான் 1991ல் அமெரிக்காவுல ஜான் ஸ்டான்லியோட ஆய்வகத்துல இருந்தப்போ, பெம்ஃபிகஸ் ஆன்டிபாடி தாக்குற புரதத்தோட ஜீனைப் பிரிச்செடுத்து, அது காட்ஹெரின் குடும்பத்து ஒட்டுப் புரதம்னு காட்டுனது. நோயாளிகளோட ரத்தத்துல ஆன்டிபாடி இருக்குன்னு பியூட்னரும் ஜோர்டனும் 1964லயே கண்டுபிடிச்சுட்டாங்க. எதைத் தாக்குதுன்னு தெரிய இன்னும் கால் நூற்றாண்டுக்கு மேல ஆகியிருக்கு.

சரி, மாத்திரைக்கு வருவோம்.

கொப்புளத்துலேர்ந்து துளி தோலை எடுத்து மைக்ரோஸ்கோப்ல பார்த்தா ஒண்ணு தெரியும். மேல் செல்கள் ஒண்ணை ஒண்ணு விட்டுப் பிரிஞ்சு மிதக்கும். ஆனா தரைத்தள செல்கள் மட்டும் கீழ இருக்கிற தரையை விடாம வரிசையா நின்னுக்கிட்டிருக்கும். தரையோட அதைக் கட்டியிருக்கிறது வேற பொத்தான், ஹெமிடெஸ்மோசோம். அதை இந்த ஆன்டிபாடி தொடறதில்லை. (அந்தத் தரைப் பொத்தானைத் தாக்குறது பெம்ஃபிகாய்டுங்கிற வேற நோய். வயசானவங்களுக்கு வரும், கொப்புளம் கெட்டியா, சட்டுன்னு உடையாம நிக்கும்.)

பெருகுற செல்கள் தரைத்தளத்துலதான் இருக்குன்னு சொன்னேன்ல? அவை உயிரோட, இடத்துல, வேலைக்குத் தயாரா நிக்குது. அதனால ஆன்டிபாடியோட தொல்லை குறைஞ்சா தோல் மறுபடி மூடிக்கும். தீக்காயம் மாதிரி தழும்பு வராது, கறுப்பா ஒரு படிவு மட்டும் கொஞ்ச நாள் நிக்கும்.

அந்தப் பொண்ணு "தோல் எல்லாம் காஞ்சிருச்சு"ன்னு சொன்னது இதைத்தான். தோல் தன் வேலையைச் செஞ்சிருச்சு. ஆனா நோய் தோல்ல இல்லையே. ஆன்டிபாடி தயாரிக்கிற பட்டறை தோலுக்கு வெளியே, நிணநீர்க் கட்டிகள், எலும்பு மஜ்ஜை பக்கம் ஓடிக்கிட்டிருக்கு. ப்ரெட்னிசோலோன் பட்டறையோட வேகத்தைத்தான் குறைக்குது. அது மூடி சீல் வைக்கலை. ஏற்கெனவே ரத்தத்துல சுத்துற ஐஜிஜி ஆன்டிபாடி பாதியாகவே சுமார் மூணு வாரம் ஆகும். அதனாலதான் மாத்திரை ஆரம்பிச்ச மறுநாளே கொப்புளம் நிக்கறதில்லை. தோல் காஞ்சதும் மாத்திரையை விட்டா பட்டறை திரும்ப முழு வேகத்துல ஓடி, கொஞ்ச வாரத்துல பழைய நிலைமை.

இன்னொண்ணும் இருக்கு. வாரக்கணக்கா ஸ்டீராய்டு வெளியிலேர்ந்து வந்தா, நம்ம அட்ரினல் சுரப்பி தன் சொந்த உற்பத்தியை நிறுத்தி வச்சிருக்கும். திடீர்னு மாத்திரையை விட்டா உடம்புல ரெண்டு பக்கமும் ஸ்டீராய்டு இல்லாமப் போகும். அன்னைக்கு ராத்திரி 80/50க்கு நீரிழப்பு ஒரு காரணம், ரணத்து வழியா நுழைஞ்ச கிருமி ஒரு காரணமா இருக்கலாம், இதுவும் ஒரு காரணமா இருக்கலாம். மூணுக்கும் சேர்த்துத்தான் வைத்தியம் பண்ணோம். குளுக்கோஸ் பாட்டிலோட ஹைட்ரோகார்ட்டிசோனும் போச்சு.

ஸ்டீராய்டு வர்றதுக்கு முந்தின காலத்துல, அதாவது 1950களுக்கு முன்னாடி, பெம்ஃபிகஸ் வந்தவங்கள்ல பெரும்பாலானவங்க இறந்துட்டாங்க. தோல் இல்லாத உடம்பு, தண்ணியும் புரதமும் ஒழுகிக்கிட்டே, கிருமிக்குக் கதவு திறந்தபடி. மாத்திரை அட்டையைத் தூக்கிப் போடச் சொல்ற வீடியோக்காரர் இதைச் சொல்லமாட்டார்.

ஆனா அவரை மட்டும் திட்டிட்டுப் போக எனக்கு மனசு இல்லை. ஸ்டீராய்டு மேல ஜனங்களுக்கு இருக்கிற பயம் ஆகாயத்துலேர்ந்து வரலை. படர்தாமரைக்கு க்ளோபெட்டசால் கலந்த க்ரீம், முகம் வெளுக்க பீட்டாமெத்தசோன் க்ரீம், சீட்டு இல்லாம மெடிக்கல்ல வாங்கித் தேய்ச்சு, தோல் மெலிஞ்சு, ரத்தக்குழாய் தெரிய, மீசை முளைச்சு எங்க ஓபிக்கு வர்ற பொண்ணுங்களை நான் பார்க்கிறேன். தோல் செல் பெருகுறதையும் கொலாஜன் உற்பத்தியையும் ஸ்டீராய்டு அடக்கும். மத்திய அரசு 2018ல் இந்த க்ரீம்களைச் சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு விதியைத் திருத்துச்சு. விக்கிறாங்களான்னு உங்க தெரு மெடிக்கல்ல கேட்டுப் பாருங்க. ஒரு மருந்தைத் தேவையில்லாத இடத்துல தாராளமா கொட்டுறோம். அதனால வந்த கெட்ட பேரு, அந்த மருந்து இல்லாம உயிர் போற ஆளோட கையிலேர்ந்து அதைப் பிடுங்குது.

மாத்திரைக்கும் பக்கவிளைவு உண்டு, மறைக்கக் கூடாது. சுகர் ஏறும், பிபி ஏறும், எலும்பு தேயும், முகம் உப்பும், தூங்கிக் கிடக்கிற காசநோய் முழிச்சுக்கும். அதனாலதான் அளவைப் படிப்படியா குறைக்கிறோம், கால்சியம் தர்றோம், அசத்தியோபிரின் மாதிரி துணை மருந்து சேர்க்கிறோம். 1980கள்ல டெல்லி எய்ம்ஸ்ல டாக்டர் பஸ்ரிச்சா குழு, தினசரி அதிக டோஸ் மாத்திரைக்குப் பதிலா 28 நாளைக்கு ஒருமுறை மூணு நாள் டெக்சாமெத்தசோன் 100 மில்லிகிராம் ட்ரிப், நடு நாள்ல சைக்ளோஃபாஸ்ஃபமைடுன்னு ஒரு முறை கொண்டுவந்தாங்க. அது நம்ம நாட்டு வார்டுகள்ல எத்தனையோ பேரைக் காப்பாத்தியிருக்கு. இப்போ ரிட்டுக்சிமாப் இருக்கு. அது ஆன்டிபாடி பட்டறைக்கு ஆள் அனுப்புற பி செல்களையே குறிவைக்கும். அமெரிக்காவுல 2018ல் இந்த நோய்க்கு அனுமதிச்சாங்க.

இதையெல்லாம் நோயாளிகிட்ட எப்படிச் சொல்றது, ஓபியில 150 பேர் நிக்கிறாங்க, டெஸ்மோக்ளீன்னு சொன்னா யாருக்குப் புரியும்னு என் கூட வேலை பார்க்கிற டாக்டர்கள் கேட்கிறாங்க. நேரம் இல்லைங்கிறதை ஒத்துக்கிறேன். புரியாதுங்கிறதை ஒத்துக்க மாட்டேன்.

அந்த அம்மா பூக்கட்டுறவங்க. ரெண்டாவது தடவை உடம்பு தேறி உட்கார ஆரம்பிச்ச அன்னைக்கு, வாழையிலை மாத்திக்கிட்டிருந்தப்போ, பக்கத்துல ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சொன்னேன். டெஸ்மோக்ளீன்ங்கிற பேரை ஒரு தடவைதான் சொன்னேன். செல்லையும் செல்லையும் கட்டியிருக்கிற கட்டுன்னு சொன்னேன். உங்க ரத்தத்துலயே ஒண்ணு ஊறி அந்தக் கட்டை அவிழ்க்குதுன்னேன்.

கேட்டுட்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தாங்க. அப்புறம், "அப்ப பூ கெடல டாக்டரம்மா. நாரைத்தான் எதுவோ அறுக்குது"ன்னாங்க.

ஆமாம்மா.

"நான் புதுசா கட்டக் கட்ட அது அறுத்துக்கிட்டே இருக்கும். மாத்திரை போட்டா அறுக்கிறது மெல்லமாகும். சரம் முழுசா இருக்கேன்னு மாத்திரையை விட்டா...?"

நான் பேச வேண்டியதை அவங்களே பேசி முடிச்சாங்க. மக ஃபோன்ல அந்த வீடியோவைத் தேடி எடுத்து, "இவர் இதைச் சொல்லவே இல்லையே"ன்னு எங்கிட்ட காட்டுச்சு. எல்லாம் சேர்த்து எட்டு நிமிஷம் ஆகியிருக்கும். ரெண்டாவது அட்மிஷன்ல அவங்க எங்க வார்டுல படுத்திருந்தது 26 நாள். எது நேரம் மிச்சம்னு என் கூட வேலை பார்க்கிறவங்களே கணக்குப் போட்டுக்கட்டும்.

அதனால இப்போ ஒரு பழக்கம் வச்சிருக்கேன். மாசக்கணக்கா மாத்திரை போடவேண்டிய எந்த நோயாளியையும் வீட்டுக்கு அனுப்பும் முன்னாடி, மாத்திரை எதுக்குன்னு அவங்களையே எனக்குச் சொல்லச் சொல்றேன். தப்பாச் சொன்னா அது என் தப்புன்னு எடுத்துக்கிட்டு மறுபடி சொல்றேன். எல்லாருக்கும் முடியறதில்லை. திங்கட்கிழமை ஓபியில சத்தியமா முடியறதில்லை.

படிக்கிறவங்களுக்கு ஒண்ணு. வாய்ப்புண் மூணு வாரம் தாண்டியும் ஆறலைன்னா கீரையோட நிறுத்தாம டாக்டர்கிட்ட காட்டுங்க. பெம்ஃபிகஸ் அபூர்வம்தான், ஆனா ஆறாத வாய்ப்புண்ணுக்குப் பின்னாடி புற்றுநோய் உட்பட வேற காரணங்களும் இருக்கலாம். கொப்புளம் உடைஞ்சு ஆறாம பரவுனா, பக்கத்துல இருக்கிற நல்ல தோலை அழுத்தித் தேய்ச்சாலே வழுக்கிக்கிட்டு வந்தா, அன்னைக்கே வாங்க. ஏற்கெனவே ஸ்டீராய்டு மாத்திரை போடுறவங்க, பயமா இருந்தா எங்ககிட்ட வந்து சண்டை போடுங்க. நீங்களா நிறுத்திடாதீங்க.

அந்த அம்மா இப்போ 15 மில்லிகிராம்ல இருக்காங்க, கூட அசத்தியோபிரின். வாயில ஒரு சின்னப் புண் மட்டும் பாக்கி. போன தடவை வந்தப்போ புளிக்குழம்பு சாப்பிட்டதா சொன்னாங்க. அடுத்த ரத்தப் பரிசோதனை இந்த வியாழக்கிழமை.